இடைவேளையில் சொன்ன அபிப்பிராயம்

நான் பேசியது மொத்தம் இருபத்திரண்டு விநாடி. வெள்ளிக்கிழமை காலை, தம்பானூரில் ஒரு தியேட்டர் வாசலில், இடைவேளை நேரத்தில், கையில் பாதி குடித்த காப்பியோடு பேசினேன். படம் எப்படி என்று ஒரு பெண் மைக்கை நீட்டினாள். படம் பரவாயில்லை, மியூசிக்தான் சகிக்கவில்லை, அலுமினியப் பாத்திரங்களை மாடிப்படியில் உருட்டிவிட்ட மாதிரி இருக்கிறது, யார் இந்தப் பையன் என்று எனக்குத் தெரியாது, கிட்டாரை மூலையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தால் அவனுக்கும் நல்லது நமக்கும் நல்லது என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தப் பையன் என் மகன். எனக்கு அது ஒன்றேகால் மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த இருபத்திரண்டு விநாடியைத் திரும்ப வாங்கிக்கொள்ள இரண்டு நாள் நான் பட்ட பாட்டை இப்போது சொல்லப்போகிறேன். கேட்டுவிட்டு என்னைத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம்.

என் பெயர் நாகேஸ்வரன். ஐம்பத்தேழு வயது, இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஹெட் கிளார்க், வீடு வலியசாலையில். வருஷத்துக்குக் கிடைக்கிற காஷுவல் லீவ் அத்தனையும் வெள்ளிக்கிழமைகளில்தான் போகும். புதுப்படம் வந்தால் முதல் ஷோவில் நான் இருப்பேன். மலையாளம் பேசுகிற இந்த ஊரில் படம் பார்த்து வெளியே வருகிறவர்களைப் பத்துப் பதினைந்து செல்போன்காரர்கள் வழிமறித்துக் கருத்துக் கேட்பது ஒரு திருவிழா மாதிரி ஆகிவிட்டது. அதில் ‘வலியசாலை சாமி’ என்றால் தெரியாதவர்கள் கிடையாது. சாமி வந்தாச்சா, சாமி என்ன சொன்னார் என்று தேடுவார்கள். பொய் சொல்வானேன், எனக்கு அது பிடித்திருந்தது. ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் கையெழுத்துப் போட்டு நான் சம்பாதிக்காத பெயரை அந்த மைக் மூன்றே வருஷத்தில் கொடுத்தது.

எனக்கு எல்லாவற்றைப் பற்றியும் அபிப்பிராயம் உண்டு. நடிகன் என்றால் முதுகைக் காட்டி நிற்கும்போதும் நடிப்புத் தெரிய வேண்டும். இப்போது வருகிறவர்களுக்கு முகமே தெரிவதில்லை, தாடிதான் தெரிகிறது. ராக் மியூசிக்கில் டிரம் அடிக்கிறவன் ஒரு மயிரிழை பின்தங்கி அடிக்க வேண்டும். கடிகாரம் மாதிரி அடிப்பதற்கு பாங்க் வேலைக்குப் போகலாம். தமிழ்ப்படக்காரர்கள் ராக் என்றால் தலைமுடியை ஆட்டுவது என்று நினைக்கிறார்கள், மலையாளப்படக்காரர்கள் மழையில் நனைவது என்று நினைக்கிறார்கள். பதினாறு வயதிலிருந்து இங்கிலீஷ் ராக் கேட்டு வளர்ந்த காது இது, இதை யாரும் ஏமாற்ற முடியாது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

முன்பெல்லாம் படம் முடிந்துதான் கேட்பார்கள். அடுத்த சேனல்காரன் முந்திவிடுவான் என்று இப்போது இடைவேளையிலேயே கேட்கிற வழக்கம் வந்துவிட்டது. பாதிப் படத்துக்கு என்ன அபிப்பிராயம் சொல்வது என்று யாராவது மறுத்தால் அவரை விட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போவார்கள். நான் ஒருநாளும் மறுத்ததில்லை. அதைவிட மோசம், படம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளியே போய்ச் சொல்ல வேண்டிய வசனம் எனக்குள் தயாராகிவிடும். அன்றைக்கும் அந்த அலுமினியப் பாத்திரம் படம் தொடங்கி இருபதாவது நிமிஷத்தில் தோன்றியது. அதற்குப் பிறகு நான் மியூசிக்கைக் கேட்கவே இல்லை. வசனத்தை மெருகு போட்டுக்கொண்டிருந்தேன்.

டைட்டிலில் இசை என்று போட்டு அதன் கீழே ஒரு புனைபெயர் வந்தது. இந்தக் காலத்தில் யாரும் அப்பா வைத்த பெயரில் பாட்டுப் போடுவதில்லை என்று அதற்கும் மனசுக்குள் ஒரு வசனம் சொன்னேன்.

இடைவேளைக்குப் பிறகு என்ன நடந்தது என்பதை நீங்கள் நம்ப வேண்டும். நீங்களாவது நம்ப வேண்டும்.

படம் போனக்காடு மலைப்பக்கம் எடுத்தது. மூடிப்போன தேயிலை ஃபேக்டரிக்குள் ஒரு வயசான தொழிலாளி பல வருஷம் கழித்து நுழைகிறார். எனக்குப் பிடிக்காத நடிகர்தான். எதற்கெடுத்தாலும் கண்ணைச் சுருக்குகிறவர். அங்கே அவர் ஒன்றும் செய்யவில்லை, துருப்பிடித்த மெஷின்களுக்கு நடுவே சும்மா நடந்தார். பேச்சே கிடையாது. ஒரே ஒரு கிட்டார். எப்போது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு, விட மனசில்லாமலும் பிடித்திருக்கத் தெம்பில்லாமலும் அது நின்றது. பிறகு ஒரு நீண்ட மௌனம். மறுபடியும் அதே ஸ்வரம், கொஞ்சம் கீழே இறங்கி. கண்ணாடியைக் கழற்றினேன். பக்கத்து சீட்டில் யாரும் இல்லாததால் நன்றாகவே அழுதேன். யார் வாசித்தது என்று தெரியாமல் அழுதேன். இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன்.

கடைசி டைட்டில் ஓடி முடிகிறவரை எழுந்திருக்காதது என் பழக்கம். பெயர்களுக்குப் பக்கத்தில், படம் எடுத்தபோது பிடித்த துண்டுக் காட்சிகளைப் போட்டார்கள். லைட்பாய்கள், சமையல்காரர்கள், அட்டைக்கடிக்கு உப்புத் தடவிக்கொள்ளும் டைரக்டர். அதன் பிறகு, இசை போட்டவனின் அந்தப் புனைபெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரூம், ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு மடியில் கிட்டாரோடு ஹரிநாராயணன். இளைத்திருந்தான். நாலு வருஷம் கழித்து என் பிள்ளையை நான் அங்கேதான் பார்த்தேன்.

பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறி, மைக் எதிலும் மாட்டாமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினேன்.

என் மனைவி அனந்தலக்ஷ்மி கூடத்தில் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் நான் கேட்க நினைத்ததை வேறு மாதிரி கேட்டேன்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும். ஏழு மாசமாத் தெரியும்.”

“ஏண்டி என்கிட்டச் சொல்லலை?”

“சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கிண்டான். வாசிச்சது யாருன்னு தெரியாம அப்பா கேக்கணும், கேட்டுட்டு என்ன சொல்றாரோ அது போறும் எனக்குன்னான்.” ஃபோனைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். “மஸ்கட்ல ஏசி கம்பெனி வேலை ஒண்ணு கைவசம் இருக்கு அவனுக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். அப்பா நன்னாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா இங்கயே இருந்து பாக்கறேன் அம்மா, இல்லேன்னா கிட்டாரை வித்துட்டுப் போயிடறேன்னான். நீங்க என்னடான்னா நடுப்படத்துல வந்து வேற வேலை பாருன்னு சொல்லிட்டேள்.”

“அவன் பாத்துட்டானா?”

“பதினோரு மணிக்கே எனக்கு அனுப்பினான். அதுக்கப்பறம் ஃபோன் ஸ்விட்ச் ஆஃப்.”

நாலு வருஷத்துக்கு முன்னால் மானவீயம் வீதியில் அவன் கூட்டாளிகளோடு ரோட்டோரத்தில் கிட்டார் வாசித்தபோது நான் போயிருந்தேன். வாசித்து முடித்ததும் வியர்வையோடு ஓடிவந்து என் முகத்தையே பார்த்தான். உன் இடது கை இன்னும் ஸ்கூலில் சேரவில்லைடா என்றேன். அவன் நண்பர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் கொச்சிக்கு ரயிலேறியவன், அதற்குப் பிறகு அம்மாவோடு மட்டும்தான் பேசுவான். எனக்கு வாய்க்கொழுப்பு. அவனுக்கு ரோஷம். ரெண்டும் ஒரே ரத்தம்தான்.

முதலில் அந்த வீடியோவை எடுக்க வைக்க வேண்டும் என்று கிளம்பினேன். மைக் நீட்டிய பெண்ணின் பெயர் ரேஷ்மி. சாலை பஜாரில் அவள் அப்பாவுடைய ஹார்டுவேர் கடைக்கு மேலே ஒரு அறையில்தான் சேனல் நடத்துகிறாள். திருநெல்வேலிக் குடும்பம், மைக்கில் மலையாளம், வீட்டில் தமிழ். மூச்சிரைக்க மாடியேறி நின்றவனைப் பார்த்து அவளே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“இரிங்க சாமி. எந்தா பற்றியது, என்ன ஆச்சு? முகமெல்லாம் வேர்த்திருக்கு.”

“காலம்பற நான் சொன்னது இருக்கே, அதை எடுத்துடும்மா.”

“எடுக்கலாம், அதுல எனக்கு ஒண்ணுமில்ல.” ஃபோனைத் திருப்பிக் காட்டினாள். “ஆனா இனி அது எங்கையில இல்லல்லா. முப்பது நாப்பது பேஜ்காரங்க வெட்டி ரீல்ஸ் ஆக்கிட்டாங்க. இத பாருங்க.”

ஒருவன் என் குரலுக்குப் பின்னால் நிஜமாகவே பாத்திரங்கள் உருளும் சத்தத்தைச் சேர்த்திருந்தான். இன்னொருவன் என் பேச்சுக்குத் தாளம் போட்டுப் பாட்டாக்கியிருந்தான். வேறு வேலை பார்க்கட்டும் என்று மலையாளத்தில் நான் சொன்னதை வைத்து, வேறு ஜோலி நோக்கட்டே, வேறு ஜோலி நோக்கட்டே என்று என் வாய் திரும்பத் திரும்ப அசைந்தது. மூணு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

“அப்படின்னா இன்னொண்ணு எடு. செகண்ட் ஹாஃப் பத்தி நான் பேசறேன்.”

“ஒரே படத்துக்கு ரெண்டு ரெஸ்பான்ஸா? ஆள்க்காரு சிரிப்பாங்க சாமி.”

“சிரிக்கட்டும். ரேஷ்மி, உன்னைக் கைகூப்பிக் கேக்கறேன்.”

நான் கைகூப்பியதைப் பார்த்து அவள் பயந்துவிட்டாள். காரணம் கேட்கவில்லை, கேமராவை எடுத்து வைத்தாள். என் ஆயுசில் மைக்கில் இரண்டாவது தடவை பேசியதில்லை. அன்றைக்கு ஐந்து தடவை பேசினேன். வைது பழகிய நாக்குக்குப் புகழத் தெரியவில்லை. ‘மேற்படி காட்சியில் இசை மிகவும் உயர்ந்த தரத்தில் அமைந்துள்ளது’ என்று ஆபீஸ் கடிதம் மாதிரி வந்தது. அழுதேன் என்று சொன்னபோது அழுத ஆள் மாதிரியே இல்லை. எனக்கே தெரிந்தது. வேறு வழியில்லாமல் அதையே போடச் சொன்னேன்.

நாலு மணிக்குப் போட்டாள். ஐந்து மணிக்குள் கமெண்டுகள் குவிந்தன. சாமிக்கு என்ன ஆச்சு. சாமியைத் தூக்கிட்டுப் போய் மிரட்டிட்டாங்களா. சாமி இதுக்கு எவ்வளவு வாங்கினார். முப்பத்திரண்டு வருஷம் ஒரு டீ கூட யாரிடமும் ஓசியில் குடிக்காதவன் நான். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கூடத்தில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக மலையாளத்தில் டைப் செய்தேன்: இந்தப் படத்துக்கு இசையமைத்தவன் என் சொந்த மகன். இடைவேளையில் அது எனக்குத் தெரியாது. தெரிவதற்கு முன்பே அந்தக் காட்சியில் அழுதேன். இது சத்தியம்.

அனுப்பிய பிறகு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கின மாதிரி இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டேனே, இனி யார் என்ன சொல்ல முடியும் என்று நினைத்தேன். அனந்தலக்ஷ்மி வந்து எட்டிப் பார்த்தாள். படித்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்ன காரியம் பண்ணினேள்? அவன் வேற பேர் வெச்சுண்டதே இன்னார் பிள்ளைன்னு ஆருக்கும் தெரியப்படாதுன்னுதானே?”

ராத்திரிச் சாப்பாட்டுக்குள் எல்லாம் நாறிவிட்டது. என் இரண்டு வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, ‘மகன் என்று தெரிவதற்கு முன், தெரிந்த பின்’ என்று போட்டார்கள். ஹரியின் காலேஜ் போட்டோவை எங்கிருந்தோ தேடிப்பிடித்து அதன் கீழே என் அலுமினியப் பாத்திர வசனத்தை எழுதினார்கள். அப்பாவைத் தயார் பண்ணி வைத்துப் படம் ஓட்டப் பார்த்தானாம். படத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அந்த ஃபேக்டரிக் காட்சியைப் பற்றிப் பேச ஒரு நாதியில்லை. பேசியதெல்லாம் எங்கள் இரண்டு பேரைப் பற்றித்தான். நான் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுக் கை கழுவினேன்.

அவன் நம்பருக்குப் பதினொரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை, எல்லாவற்றிலும் ஒரே ஒரு டிக். காலையில் கொச்சிக்குப் போகிறேன் என்றேன்.

“எங்கன்னு போவேள்? ரூமைக் காலி பண்ணி ஒரு வாரம் ஆறது. எங்க தங்கியிருக்கான்னு எனக்கே தெரியாது” என்றாள் அனந்தலக்ஷ்மி.

சனிக்கிழமை ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன். ஊரே பொய் பொய் என்றதில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே அழுதேனா, இல்லை, அவனைப் பார்த்த பிறகு அழுததை முன்னாலேயே அழுததாக நினைத்துக்கொள்கிறேனா? அதே தியேட்டரில் நூன் ஷோவுக்குப் போனேன். மொத்தம் ஒன்பது பேர். இந்தத் தடவை முதல் பாதியை ஒழுங்காகக் கேட்டேன். நன்றாக இல்லைதான். ரொம்ப வாசித்திருந்தான், எல்லா இடத்தையும் அடைத்திருந்தான். என் அபிப்பிராயம் தப்பில்லை என்று தெரிந்தபோது எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. ஆனால் அந்த ஃபேக்டரிக்குள் கிழவர் நுழையும்போது நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படி நிறுத்த முப்பது வருஷம் வாசித்தவனுக்கே தைரியம் வராது. மறுபடியும் அழுதேன். இப்போது அழுவது வாசிப்புக்காகவா, வாசித்தவனுக்காகவா என்று பிரிக்க முடியவில்லை. முதல் தடவை அழுதது ஒன்றுதான் சுத்தமான அழுகை. அதற்கு ஒரு சாட்சியும் கிடையாது.

சாயங்காலம் ஐந்தரைக்கு அனந்தலக்ஷ்மியின் ஃபோன் அடித்தது. எடுத்துக் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினாள்.

“அப்பா.”

நாலு வருஷமாயிற்று அந்தச் சொல்லைக் கேட்டு. “ஹரி, டேய், நான் சொல்றதைக் கேளு முதல்ல” என்றேன்.

“கத்தாதீங்கோ. எனக்குக் கோபமொண்ணுமில்ல. ஃபர்ஸ்ட் ஹாஃப் பத்தி நீங்க சொன்னது செரியாக்கும். எனக்கே தெரியும். டைரக்டர் கேட்டார்னு நிறைய வாசிச்சுட்டேன்.”

“செகண்ட் ஹாஃப்டா. அந்த ஃபேக்டரி. அங்க நீ விட்ட அந்த மௌனம் இருக்கே, என்னால உட்கார முடியலைடா. அழுதேன். அப்போ நீன்னு எனக்குத் தெரியாது. அம்மா மேல ஆணையாச் சொல்றேன்.”

ஃபோனில் அவனுக்குப் பின்னால் ஏதோ அறிவிப்பு கேட்டது. ரயில்வே ஸ்டேஷனா, ஏர்போர்ட்டா தெரியவில்லை.

“எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேண்டியிருந்தது அப்பா. நான்னு தெரியாம நீங்க ஒரு தடவை கேக்கணும், கேட்டுட்டுச் சொல்லணும். நீங்க பேசற வீடியோ ஒண்ணு விடாமப் பாத்திருக்கேன், இந்த மூணு வருஷமும். உங்க குரலைக் கேக்கறதுக்கு எனக்கு வேற என்ன வழி இருந்தது? நான்னு தெரியாமச் சொன்னது இடைவேளைல சொன்னது ஒண்ணுதான். மிச்சமெல்லாம் தெரிஞ்சப்பறம் சொன்னது.”

“தெரியாமத்தாண்டா அழுதேன்.”

“இருக்கும். நீங்க பொய் சொல்ல மாட்டேள். ஆனா எனக்கு அது எப்படித் தெரியும், கேட்டேளா? நாளைக்கு ஆரோ ஒருத்தன் என் வாசிப்பைத் தூக்கி எறியறான்னு வெச்சுக்கோங்கோ. அப்பாவே அழுதாரேன்னு நினைச்சுப்பேனா, அப்பா பிள்ளைக்காகச் சொன்னார்னு நினைச்சுப்பேனா?”

உலகத்தில் உள்ள எல்லா டிரம்மருக்கும் எல்லா நடிகனுக்கும் எல்லா டைரக்டருக்கும் பதில் வைத்திருந்தவன் நான்.

“போகாதேடா” என்றேன். “மஸ்கட் வேண்டாம். உனக்கு வாசிக்கத் தெரியும். நான் சொல்றேன், உனக்கு வாசிக்கத் தெரியும். போகாதே.”

“செரிப்பா” என்றான். போகவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. ஆபீஸில் பாலிசிக்காரர்கள் நீட்டி முழக்கிச் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு நான் செரி என்பேனே, அந்தச் செரி.

மறுபடியும் போகாதே என்றேன். மூன்றாவது தடவையும் சொன்னேன். என் குரல் எனக்கே மைக்கில் பேசுகிற குரல் மாதிரி கேட்டது, எவ்வளவு முயன்றாலும் வேறு மாதிரி வரவில்லை. இந்த ஒரு தடவை என்னை நம்புடா என்று கெஞ்சினேன். அவன் உடம்பைப் பார்த்துக்கோங்கோ அப்பா என்றான்.

அனந்தலக்ஷ்மி என் கையிலிருந்து ஃபோனை வாங்கிக்கொண்டாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, ஃப்ளைட் எத்தனை மணிக்கு என்று அவனிடம் கேட்டாள்.